பதின்மூன்றாம் மாதம்

ஆண்டுக்கு மாதம் பன்னிரண்டென்பதைச் சிறுவரும் அறிவர், கணினி அறியாது. தரவுகளையும் அவற்றைக் கையாளும் செயல்முறைகளையும் ஒருங்கே கட்டிவைக்கும் அமைப்பினைச் செய்நிரல் எழுதுவோர் 'வகுப்பு' என்பர். 'திகதி' என்றொரு வகுப்பை அமைத்து, அதன் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் 'பப்ளிக்' எனத் திறந்துவிடின், செய்நிரலின் எம்மூலையிலிருந்தும் மாதத்தை 13 ஆக்கிவிடலாம். பிழை நேர்ந்த இடத்தை அறிய முழுவதையும் துருவவேண்டும்.

அவற்றைப் 'பிரைவேற்' என அறிவித்தாலோ, அவ்வகுப்பின் செயல்முறைகள் மட்டுமே அவற்றைத் தொடும்; மாதத்தைச் சோதித்தே மாற்றுமாறு அவற்றை எழுதலாம். தவறு நேரினும் தேடவேண்டியவை அச்சில வரிகளே.

வகுப்பென்னும் கருத்தைத் தந்தது நோர்வேயில் உருவான சிமுலா 67 என்னும் மொழி. ஆயினும் இத்தடை அதில் முதலில் இருக்கவில்லை. பின்னாளில் மாறக்கூடிய முடிவுகளை ஒவ்வொரு பகுதியும் தன்னுள் மறைத்தல் வேண்டுமென 1972இல் டேவிட் பார்னஸ் வாதித்தார்.

மாணவர் சிலர் 'பிரைவேற்' என்பதை இரகசியக் காப்பெனக் கருதிக் கடவுச்சொல்லையும் அங்கே எழுதிவைக்கின்றனர். இது பேராபத்து. அது கைதவறுதலைத் தடுக்குமேயன்றிச் சூழ்ச்சியைத் தடுக்காது. வேலி மாட்டைத் தடுக்கும். கள்வனுக்குப் பூட்டு வேறு வேண்டும்.