பிஎச்பிக்கு வெப்சாக்கெட் ஆகாதா? யார் சொன்னது?

வெப்சாக்கெட்னு பேச்சை எடுத்தாலே நம்ம பொட்டி தட்டுற மக்கள் ஒரே ராகம்தான் பாடுறாங்க. "பிஎச்பியா? வேலைக்கு ஆகாது, நோட்.ஜேஎஸ்ல திரும்ப எழுதிடு!" சொல்றது சுலபம். மூணு பேர் டீம், ஏழெட்டு வருஷமா சோறு போடுற கோடு. ஒரு சாட் பெட்டிக்காக அதைத் தூக்கிப் போட்டா, திரும்ப எழுதுற ஆறு மாசத்துக்கு சம்பளம் யாருங்க கொடுப்பா?

ரியாக்ட்பிஎச்பி 2012-லயே வந்தாச்சு. அது மேல கட்டினதுதான் ராட்செட். 2024-ல லாராவெல்காரங்க விட்ட ரிவெர்ப் சர்வரும் அதே ரியாக்ட்பிஎச்பி மேலதான் ஓடுது. அப்புறம் என்ன ஆகாது?

சிக்கல் மொழியில இல்லை, நம்ம பழக்கத்துல இருக்கு. வழக்கமான பிஎச்பி ஸ்கிரிப்ட் செத்துச் செத்துப் பொழைக்கிற ஜென்மம். ஒரு ரெக்வெஸ்ட் முடிஞ்சதும் வேரியபிள், மெமரி எல்லாம் காலி. குப்பையை நாம அள்ளவே வேண்டாம். ஈவென்ட் லூப் அப்படி இல்லை. ஒரே ப்ராசஸ் நாள்கணக்கா ஓடும், ஐநூறு பேர் அதுலயே தொங்குவாங்க. டீக்கடையில ஒரே மாஸ்டர் மாதிரி. அவரே பால் வாங்கப் போயிட்டா மொத்தக் கடையும் நிக்கும். பழக்கதோஷத்துல பிடிஓ வழியா ரெண்டு செகண்ட் ஓடுற குவெரியை அங்க விட்டீங்கன்னா அதே கதைதான், ஐநூறு பேரும் காத்துக் கிடக்கணும். போன ஆளோட கனெக்‌ஷனை அர்ரேல இருந்து எடுக்காம விட்டா மெமரி ஊதிக்கிட்டே போகும். ராத்திரி எட்டு மணி நேரம் சும்மா கிடந்தா மைஎஸ்கியூஎல் தானாவே கனெக்‌ஷனை வெட்டிடும் (அதோட டிஃபால்ட் 28,800 செகண்ட்). காலையில முதல்ல வர்றவருக்கு எரர்தான்.

நோட்லயும் சிபியுவைத் தின்னுற லூப் ஒண்ணு போட்டா எல்லாம் படுத்துரும். ஆனா அங்க டேட்டாபேஸ் லைப்ரரிங்க பெரும்பாலும் பிளாக் பண்ணாது, நம்ம பிடிஓ பண்ணும். அந்த ஒரு பாயின்ட்ல அவங்க பக்கம் நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். 2021-ல பிஎச்பி 8.1 கூட வந்த ஃபைபர்ஸும் பிடிஓவை மாத்தலை.

அதனால, சைட்டை இருக்கிறபடியே விட்டுடுங்க. வெப்சாக்கெட்டுக்கு மட்டும் தனியா ஒரு ப்ராசஸ். அதை டேட்டாபேஸ் பக்கமே அண்ட விடாதீங்க. டேட்டாபேஸ்ல எழுதுறது பழைய சைட்டோட வேலை. எழுதிட்டு ரெடிஸ்ல ஒரு சேதி போடட்டும், லூப் அதை எடுத்து எல்லாருக்கும் பட்டுவாடா பண்ணட்டும். (அந்த ரெடிஸ் கிளையன்டும் பிளாக் பண்ணாததா இருக்கணும் சாமி!) முன்னாடி என்ஜின்எக்ஸ் வெச்சிருந்தா, 60 செகண்ட் சத்தம் இல்லைன்னா லைனைக் கட் பண்ணிடும். அதுக்குள்ள ஒரு பிங் அனுப்பிடுங்க.

நோட் பக்தர்கள் அடிக்க வர்றதா இருந்தா வரிசையில வாங்கப்பா :-)