இணையத்தில் நமக்கென ஒரு சொந்த வீடு



நம் தமிழ்ப்பள்ளிகளின் பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி, பழைய மாணவர் ஒன்றுகூடல் படங்களெல்லாம் இன்று எங்கே இருக்கின்றன? யாரோ ஒரு நிறுவனத்தின் திண்ணையில்!

2011ஆம் ஆண்டில் பிரண்ட்ஸ்டர் தன் பயனர்களின் பழைய படங்களையும் பதிவுகளையும் அழித்தது. அப்போது அது மலேசிய நிறுவனமொன்றின் கையில்தான் இருந்தது. முன்னறிவிப்பும் தந்தது. படியெடுக்கத் தெரிந்தவர்கள் தப்பினார்கள், தெரியாதவர்கள் இழந்தார்கள்.

"எனக்குக் கணினி தெரியாதே ஐயா" என்பார்கள் பெற்றோர்கள். கணினி வல்லுநராக வேண்டியதில்லை. ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சொந்தமாக ஒரு தளப்பெயரைப் பதிவுசெய்துகொண்டால் போதும். பிறகு இடம் தரும் நிறுவனத்தை மாற்றினாலும் நம் முகவரி மாறாது. கட்டணம் கட்ட மறந்தால் அதுவும் போய்விடும் என்பது வேறு! ஆகவே பதிவைத் தனியொரு ஆசிரியர் பெயரில் வைக்காதீர்கள். நாங்கள் மாற்றலாகிப் போகிறவர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் வையுங்கள். மூலப்படங்களின் படியொன்று பள்ளி அலுவலகத்து வன்தட்டிலும் இருக்கட்டும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கித் தந்தால், பெற்றோர்களின் அருகில் அமர்ந்து ஒவ்வொரு படியாகச் செய்துகாட்ட நான் அணியமாக இருக்கிறேன்.