இங்கிலீஷில் திட்டினால் இனிக்குமா?



நம்ம பள்ளியில் ஒரு பழக்கம் இருக்கு. ஒருத்தரைத் தமிழில் ‘முட்டாள்’ என்று சொன்னால் சண்டை வரும், சார் வரைக்கும் புகார் போகும். அதையே ‘இடியட்’ என்று சொன்னால் யாரும் கண்டுகொள்வதில்லை. ‘ஸ்டுபிட்’, ‘யூஸ்லெஸ்’, ‘வேஸ்ட் ஃபெலோ’, ‘டம்மி பீஸ்’ எல்லாம் திட்டு மாதிரியே தெரிவதில்லை. சொல்கிறவர் கொஞ்சம் ஸ்டைலாகக்கூடத் தெரிகிறார்!

இங்கிலீஷில் சொல்வதால் வலி குறையாது என்பதுதான் என் கருத்து. அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால், சொல்லவே நாக்கு கூசும். சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

இடியட்: பழைய கிரேக்க மொழியில் இதற்கு, பொதுக் காரியத்தில் தலையிடாமல் தன் வேலையைப் பார்க்கும் சாதாரண ஆள் என்றுதான் பொருள். ஆனால் 1900-க்குப் பிறகு அமெரிக்காவில் அறிவு வளர்ச்சி குறைந்தவர்களை வகை பிரிக்க இந்தச் சொல்லை வைத்துக்கொண்டார்கள். மன வயது 3-க்கும் கீழே என்றால் ‘இடியட்’, 3 முதல் 7 வரை ‘இம்பெசைல்’. 8 முதல் 12 வரை உள்ளவர்களுக்காக ஹென்றி கோடார்ட் என்ற உளவியல் அறிஞர் 1910-ல் ‘மோரான்’ என்ற சொல்லைப் புதிதாகவே உருவாக்கினார். அதாவது இவை மருத்துவக் குறிப்பில் எழுதிய சொற்கள்! தெருவுக்கு வந்ததும் திட்டாக மாறிவிட்டன. அதற்குப் பதிலாக வந்த ‘ரிடார்டட்’ என்ற சொல்லும் திட்டாகிவிட்டது. அதனால் 2010-ல் அமெரிக்கா தன் மத்திய அரசுச் சட்டங்களில் அந்தச் சொல்லை மாற்றியது. நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, ஒரு மாற்றுத்திறனாளியைப் பலர் பார்க்க வேண்டுமென்றே இழிவுபடுத்துவது தண்டனைக்குரிய குற்றம்.

டன்ஸ்: மக்கு என்று அர்த்தம். ஆனால் இது ஒரு பெரிய அறிஞரின் பெயர்! 1308-ல் இறந்த ஜான் டன்ஸ் ஸ்காட்டஸ் என்பவருடைய பெயர். 200 வருடம் கழித்து அவருடைய கொள்கையைப் பிடிக்காதவர்கள், அதைப் பின்பற்றியவர்களை ‘டன்ஸ்’ என்று கேலி செய்தார்கள். கேலி நிலைத்துவிட்டது, அறிஞரை மறந்துவிட்டார்கள்.

வில்லன்: லத்தீனில் ‘வில்லா’ என்றால் பண்ணை வீடு. பண்ணையில் வேலை செய்தவர்தான் முதலில் ‘வில்லன்’. பணக்காரர்கள் அதைப் ‘பட்டிக்காட்டான்’ என்ற அர்த்தத்தில் சொல்லிச் சொல்லி, கடைசியில் கெட்டவன் என்றே ஆகிவிட்டது. நம்ம பள்ளியில் பாதிப் பேர் வீட்டில் விவசாயம்தான். அப்படிப் பார்த்தால் நாம எல்லாரும் வில்லன்தான்!

பரையா: என்னை ரொம்ப வருத்தியது இந்தச் சொல்தான். இது தமிழிலிருந்தே இங்கிலீஷுக்குப் போனது. பறை என்ற இசைக்கருவியோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு சமூகத்தின் பெயர் அது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த ஐரோப்பியர்கள், அந்த மக்களை இங்கே ஒதுக்கி வைத்திருந்ததைப் பார்த்தார்கள். பிறகு ‘எல்லாராலும் ஒதுக்கப்பட்டவர்’ என்பதற்கே அந்தப் பெயரை இங்கிலீஷில் வைத்துக்கொண்டார்கள். தீண்டாமையை நம் அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு 1950-லேயே ஒழித்துவிட்டது. இங்கிலீஷ் அகராதியில் அந்தச் சொல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இதில் வெள்ளைக்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? இங்கே ஒதுக்கினதால்தானே அங்கே அது திட்டாச்சு!

ஆக, இந்த மாதிரி ஒரு வார்த்தையைச் சொல்லும்போது எதிரில் நிற்கிறவரை மட்டும் நாம் திட்டவில்லை. நமக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஒரு கூட்டத்தையே சேர்த்துத் திட்டுகிறோம்.

“அப்போ தப்பு செய்தால் சொல்லவே கூடாதா?” என்று கேட்பீர்கள். கட்டாயம் சொல்ல வேண்டும். தவறை இடித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசன், பகைவர் இல்லாவிட்டாலும் கெடுவான் என்று ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் வள்ளுவரே சொல்லியிருக்கிறார். ஆனால் இடித்துரைப்பது வேறு, மட்டம் தட்டுவது வேறு. இங்கிலீஷிலும் ‘கிரிட்டிசிசம்’ என்ற சொல்லின் கிரேக்க வேருக்குப் பிரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என்று பொருள். ‘சர்காசம்’ என்ற சொல்லின் வேருக்குச் சதையைக் கிழிப்பது என்று பொருள்.

உதாரணமாக, ‘ஐலண்ட்’ என்பதை ஒருத்தர் ‘இஸ்லண்ட்’ என்று வாசித்தால் வகுப்பே சிரிக்கும். “அதில் எஸ் சத்தம் வராது” என்று சொன்னால் அது திருத்தம், ஒரு நொடியில் முடிந்துவிடும். சிரித்தால் என்ன நடக்கும்? அடுத்த முறை அவர் வாசிக்க எழுந்திருக்கவே மாட்டார். கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் பாடம் தெரியாதவர்கள் இல்லை. பலர் சிரிப்புக்குப் பயந்தவர்கள். ஒரு வேடிக்கை தெரியுமா? அந்த எஸ் எழுத்து பழைய இங்கிலீஷில் கிடையவே கிடையாது. இது லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று தப்பாக நினைத்துப் படித்தவர்களே பிற்காலத்தில் நுழைத்தது!

“சும்மா ஜாலிக்குத்தானே சொன்னேன்” என்பது அடுத்த சமாதானம். ஜாலி என்றால் இரண்டு பேரும் சிரிக்க வேண்டும். ஒருத்தர் மட்டும் தலை குனிந்தால் அதற்குப் பெயர் ஜாலி இல்லை.

ஆசிரியர்களிடமும் பணிவாக ஒரு வேண்டுகோள். நீங்கள் கோபத்தில் சொல்லும் ‘யூஸ்லெஸ்’ அன்று சாயங்காலமே அந்த மாணவருக்குப் பட்டப்பெயர் ஆகிவிடுகிறது. நீங்கள் மறந்துவிடுவீர்கள், நாங்கள் மறப்பதில்லை. “இந்தக் கணக்கில் மூன்றாவது வரி தப்பு” என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம்.

நண்பர்களே, இங்கிலீஷ் நன்றாகப் படிப்போம். ஒருத்தரைத் திருத்த என்ன சொல்ல வேண்டும் என்பதை அதில் முதலில் கற்றுக்கொள்வோம். திட்டுவதற்கு இத்தனை வார்த்தை தெரிந்த நமக்கு, “பரவாயில்லை, இன்னொரு தடவை வாசி” என்பதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாதா என்ன?

– பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு