பெரியப்பா, அந்த உடுப்பை ஆர் தைச்சது?

எங்களில் ஒருத்தியின் பெரியப்பா முப்பத்தைந்து வருசமாக ஜேர்மனியில் இருக்கிறார். ஒவ்வொரு செப்டம்பரும் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போடுவார். தோல் காற்சட்டை போட்ட பெடியள், ஏப்ரன் கட்டின பெட்டையள், பாண்ட் வாத்தியம், கைநிறைய பியர்க் குவளைகள். கீழே வழமையான வசனம்: "பாருங்கோ, வெள்ளைக்காரன் தன்ர பாரம்பரியத்தை எப்பிடிக் காப்பாத்துறான். எங்கட பிள்ளையள் சீலை கட்டவே வெக்கப்படுதுகள்."

இது பெரியப்பாவின்ர சொந்த வசனம் இல்லை. மேடை கிடைக்கிற ஆக்களில் அரைவாசிப் பேர் இதைத்தான் சொல்லுகிறார்கள். நாடு மட்டும் மாறும், ஒருநாள் யப்பான்காரன், இன்னொரு நாள் ஜேர்மன்காரன். ஆகவே ஒரு செமஸ்டர் அங்கே படிக்க வாய்ப்புக் கிடைத்தபோது, 2025 செப்டம்பரில் நாங்கள் மூன்று பேரும் ரயிலேறி மியூனிக் ஒக்டோபர்ஃபெஸ்ட்டை நேரில் பார்க்கப் போனோம்.

உண்மையைச் சொன்னால், நல்லாத்தான் இருந்தது. உள்ளே போகக் காசு இல்லை. ஆயிரக்கணக்கான சனம் வாங்கில் ஏறி நின்று ஒரே பாட்டைப் பாடும்போது, சொல் விளங்காத நாங்களும் ஏறிப் பாடினோம். சுட்ட அரைக் கோழி அருமை. பிரெட்சலுக்கு உப்பு ஒரு பிடி கூட. 'மாஸ்' என்கிற ஒரு லீற்றர் பியர் 14.50 இலிருந்து 15.80 யூரோ வரை, எங்கட காசுக்கு ஐயாயிரத்தைத் தாண்டியது. மூன்று பேருக்கு ஒன்று வாங்கினோம். பரிமாறின அக்கா பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

எங்களுக்குச் சண்டை 'காப்பாத்துறான்' என்ற சொல்லோடுதான்.

1810 ஒக்டோபரில் பவேரிய இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் நடந்த கலியாணத்தில் தொடங்கியது இந்த விழா. நெப்போலியனின் தயவில் பவேரியா இராச்சியமானதே 1806 இல்தான். புதிதாக ஒட்டின பகுதிகளின் சனத்தையும் 'நாங்கள் பவேரியர்' என்று நினைக்க வைக்க அரண்மனைக்கு இப்படியொரு கொண்டாட்டம் தேவைப்பட்டது. சரி, கலியாணம் பழசு. உடுப்பு? கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் எடுத்த படங்களைப் பாருங்கள். கோட், தொப்பி, சாதாரண சட்டைதான் கூட. வருகிற சனம் முழுக்க டிர்ண்டலும் தோல் காற்சட்டையுமாக மாறியது 1990களுக்குப் பிறகு. அதாவது, பெரியப்பா காப்பாற்றச் சொல்லுகிற பாரம்பரியம் அவர் ஜேர்மனியில் போய் இறங்கின பிறகுதான் பெருகியிருக்கிறது!

புதிசு என்பதற்காக எங்களுக்குக் கோபம் இல்லை. எல்லாவற்றையும் ஆரோ ஒருநாள் தொடங்கத்தானே வேணும். கோபம் வேறு இடத்தில்.

டிர்ண்டலை நகரத்துப் பெண்கள் விரும்பி உடுக்கிற உடுப்பாக்கியதில் பெரிய பங்கு யூலியுஸ், மோரிட்ஸ் வாலாக் என்ற இரண்டு சகோதரர்களுக்கு. மியூனிக்கில் கடை வைத்திருந்த யூதர்கள். 1910 இல் விழாவின் நூற்றாண்டு ஊர்வலத்துக்கு உடுப்புக் கொடுத்தது அவர்கள்தான், காசு வாங்காமல். 1933 இல் யூதர்கள் இந்த விழாவில் வேலை செய்யக்கூடாது என்று தடை வந்தது. 1938 இல் வாலாக் கடை பறிபோனது. மோரிட்ஸ் அமெரிக்காவுக்குத் தப்பினார். இன்னொரு சகோதரர் மக்ஸை நாசிகள் கொன்றார்கள். நாங்கள் அன்றைக்கு எத்தனை டிர்ண்டல் பார்த்திருப்போம்? அந்தப் பெயரை ஒருவரும் சொல்லிக் கேட்கவில்லை.

அதே 1910 இல், அதே திடலில், அப்போது ஜேர்மன் குடியேற்ற நாடாக இருந்த சமோவாவிலிருந்து கொண்டுவந்த மனிதர்களைக் காட்சிக்கு வைத்தார்கள். இது தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். ஹாம்பர்க் மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக் 1880களில் இலங்கையிலிருந்தும் ஆக்களை, யானைகளோடு சேர்த்து, ஜேர்மன் நகரங்களில் காட்டிக் காசு பார்த்தவர்.

பியரின் கதை சிரிப்பு. நகர எல்லைக்குள் காய்ச்சும் ஆறு கொம்பனிகள் மட்டும்தான் அங்கே விற்கலாம். லுட்விக் - தெரேசா தம்பதியின் வழிவந்த ஒரு இளவரசர் நகரத்துக்கு வெளியே, காள்டன்பெர்க்கில், பியர் காய்ச்சுகிறார். அவருக்கு இடமில்லை. ஆனால் ஆறில் இரண்டு, ஸ்பாட்டனும் லோவன்பிரோயும், பெல்ஜியத்தைத் தலைமையகமாகக் கொண்ட பன்னாட்டுக் கொம்பனியின் சொத்து. கலியாண வீட்டுக்காரர் வெளியே, பங்குதாரர் உள்ளே.

பிறகு அந்தச் 'சீலை' கதை. பாரம்பரியம் என்று வந்தால் கணக்குப் பார்ப்பது எப்பவும் பெட்டையளின் உடுப்பைத்தான். டிர்ண்டல் ஏப்ரனின் முடிச்சு வலப்பக்கம் என்றால் ஆள் இருக்கு, இடப்பக்கம் என்றால் இல்லை என்று அங்கேயும் ஒரு கணக்கு. பெண்களும் சிறுமிகளும் தொல்லைக்குள்ளானால் ஓடிப்போய் நிற்க, 2003 இலிருந்து திடலுக்குள்ளேயே ஒரு உதவி இடம் நடத்த வேண்டியிருக்கிறது. வீடியோவில் அது வராது.

இரவு வெளியே வரும்போதுதான் பிரதான வாசலில் அந்த நினைவிடத்தைக் கண்டோம். 1980 செப்டம்பர் 26 இரவு இந்த இடத்தில் குண்டு வெடித்தது. வைத்தவனோடு சேர்த்து 13 பேர் இறந்தார்கள், 200க்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். விழா அடுத்த நாளும் நடந்தது. குண்டு வைத்தவனுக்கு 21 வயது, பல்கலைக்கழக மாணவன், எங்கட வயசு. நவநாசி ஆயுதக் குழுவொன்றோடு பயிற்சிக்குப் போனவன். ஆனால் விசாரணை முடிவு என்ன? தனி ஆள், சொந்தப் பிரச்சினை. தப்பினவர்களும் ஒரு சில பத்திரிகையாளர்களும் சட்டத்தரணியும் விடாமல் கேட்டதால் 2014 இல் விசாரணை திரும்பத் திறந்தது. இது தீவிர வலதுசாரி அரசியல் நோக்கத்தோடு செய்தது என்று அரச வழக்குத்தொடுநர்கள் ஒத்துக்கொண்டது 2020 இல். நாற்பது வருசம். காத்திருக்கிற அம்மாமாரைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த எண்ணைக் கடந்து போக முடியவில்லை. சனம் பாடிக்கொண்டு கடந்து போனது. ஒரு பெடியன் தன்ர கைபேசியைத் தந்து, ராட்டினம் பின்னால் தெரியப் படம் எடுத்துத் தரச் சொன்னான். எடுத்துக் கொடுத்தோம்.

அன்றிரவே நினைவிடத்தின் படத்தையும் வாலாக் சகோதரர்களின் கதையையும் குடும்பக் குழுவில் போட்டோம். பெரியப்பா பார்த்துவிட்டார், பதில் இல்லை. பெரியம்மாதான் எழுதினா: "இது எவ்விடத்தில பிள்ளை இருக்கு? நாங்கள் ரெண்டு தரம் போயும் காணேல்லையே."