நாள் தள்ளிப் போனால்...

நம் சங்க இதழில் இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எழுதாமல் இருப்பதால் வரும் கெடுதலைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஊரில் என்றால் கேட்பதற்கு அம்மா, அக்கா, எதிர்வீட்டு மாமி என்று யாராவது இருப்பார்கள். டில்லிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத இளம் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? அரசு மருத்துவமனையில் கருத்தடை ஊசி போட்டு அனுப்புகிறார்கள். அங்கே சொல்லும் இந்தியில் பாதிதான் புரிகிறது. அடுத்த மாதம் தீட்டு வராவிட்டால் தூக்கம் போய்விடுகிறது. 'நாள் தள்ளிப் போயிருக்கிறது' என்றால் நம் வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தானே!

எங்கள் குடியிருப்பில் இப்படித் தவித்த ஒரு பெண், மருந்துக் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கவே கிளம்பிவிட்டாள். "முதலில் சோதித்துப் பாரம்மா" என்றேன். கர்ப்பமே இல்லை.

2017 முதல் 'அந்தரா' என்ற பெயரில் அரசு இலவசமாகத் தரும் ஊசி, 3 மாதத்துக்கு ஒருமுறை போடுவது. முதலில் தீட்டு ஒழுங்கு தவறும். ஓராண்டுக்குள் பலருக்கு நின்றே போகும். கருப்பையின் உட்சவ்வு வளராததால் வெளியேற ஒன்றுமில்லை. கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடும் என்பது வீண் பயம். 'மாலா-என்' அட்டையில் உள்ள 28 மாத்திரைகளில் 21தான் ஹார்மோன். மீதி 7 இரும்புச் சத்து. அந்த 7 நாளில் வரும் தீட்டு குறைவதும், எப்போதாவது வராமலே போவதும் உண்டு.

மாத்திரையை மறந்திருந்தாலோ, ஊசி போடும் நாள் தவறியிருந்தாலோ சந்தேகம் நியாயமே. அப்போதும் சிறுநீர்ச் சோதனை போதும். கடையில் சில பத்து ரூபாய்தான். கடைசியாகச் சேர்ந்து 3 வாரம் கழிந்தபின் பார்த்தால் முடிவை நம்பலாம். அடிவயிற்றில் கடும் வலியோ மயக்கமோ வந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கரு குழாயில் தங்கியிருந்தால் கலைப்பு மாத்திரை அதை நீக்காது; உயிருக்கே ஆபத்து.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ் தெரிந்த பெண் மருத்துவரை அழைத்து, பெண்கள் தயங்காமல் கேட்க இரண்டு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா? கணவன்மாருக்கும் தனியே அரைமணி நேரம் வையுங்கள். மனைவியின் கவலையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.