ஓடாத காருக்கும் வயதாகும்!

மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு - எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். உறையைப் போர்த்திக்கொண்டு சுகமாக நித்திரை செய்யும் கார் ஒன்றாவது கண்ணில் படாமல் போகாது. பிள்ளை வெளிநாடு போகும்போது விட்டுச் சென்றதாக இருக்கும். அல்லது உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஆசையாக வாங்கியதாக இருக்கும். வெள்ளிக்கிழமை கோவிலுக்கு ஒரு நடை, காய்கறிக் கடைக்கு ஒரு நடை, மாதம் ஒரு முறை டாக்டர் வீட்டுக்கு ஒரு நடை. அவ்வளவுதான் அதற்கு வேலை.

இப்படிப்பட்ட வீடுகளில் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு விவாதம் நடக்கும்.

“ஆயில் மாற்றி ஒரு வருஷம் ஆகிவிட்டதே! ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது” என்பாள் மனைவி.

“அவனுக்கென்ன, பில் போட வேண்டும்! போன தடவை மாற்றியதிலிருந்து வண்டி ஓடியது 500 கிலோமீட்டர். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றினால் போதும் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது” என்பார் கணவர்.

கணக்கில் அவர் புலிதான். ஆனால் அந்தக் கணக்குப்படி, அடுத்த ஆயில் மாற்றத்துக்கு இன்னும் 19 வருஷம் காத்திருக்க வேண்டும்!

இந்த வழக்கில் நியாயம் அம்மாள் பக்கந்தான். ஐயா பாதி வரியோடு புத்தகத்தை மூடிவிட்டார். இன்று நம் நாட்டில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றின் கையேடு, ‘10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அது’ என்றுதான் சொல்கிறது. வண்டி ஓடாவிட்டாலும் காலண்டர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

“சும்மா கிடக்கும் எண்ணெய் எப்படிக் கெடும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூடி திறக்காத டின்னில் இருந்தால் என்ஜின் ஆயில் சில வருஷங்கள் வரை கெடாது. ஆனால் காரில் ஊற்றிய எண்ணெய் அப்படியல்ல. ஊறுகாய் ஜாடி கதைதான். மூடி வைத்த வரையில் பயமில்லை. யாராவது ஈரக் கரண்டியைப் போட்டுவிட்டால் எத்தனை நாள் தாங்கும்?

காருக்குள் ஈரக் கரண்டி எங்கிருந்து வந்தது? பெட்ரோலிலிருந்துதான்! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகைக் குழாய் வழியே வெளியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கீழே இறங்கி எண்ணெயோடு சேரும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது எரியாத பெட்ரோலும் சிறிது கூடவே இறங்கும்.

நீண்ட தூரம் ஓடும் காருக்கு இதனால் பெரிய தொந்தரவு இல்லை. எண்ணெய் நன்றாகச் சூடேறியதும் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகிப் பிரிந்துவிடும். ஆனால் எண்ணெய் அவ்வளவு சூடாவதற்கு 20, 30 நிமிஷ ஓட்டமாவது வேண்டும். நம் காரோ பத்து நிமிஷத்தில் கோவில் வாசலில் நின்றுவிடுகிறது! அடுப்பை மூட்டி, பால் காய்வதற்குள் இறக்கி வைக்கிற கதை. ஒவ்வொரு நடையும் கொஞ்சம் ஈரத்தைச் சேர்க்கிறதே தவிர, உலர்த்துவதில்லை.

தேங்கிய ஈரம் எரிபொருளின் கழிவோடு கலந்து அமிலமாகிறது. அமிலத்தை முறிப்பதற்கென்றே எண்ணெயில் சில மருந்துகள் சேர்த்திருக்கிறார்கள். அந்த மருந்து தீர்ந்துபோனால், வண்டி நின்ற இடத்திலேயே அமிலம் பேரிங்குகளை மெள்ள மெள்ள அரிக்கத் தொடங்கும். எண்ணெயும் களிம்பு போல் திரண்டு துவாரங்களை அடைக்கும். விலை கூடிய ‘சிந்தெடிக்’ ஆயிலுக்கு ஆயுள் அதிகந்தான். ஆனாலும் ஈரக் கரண்டி அதையும் விட்டுவைப்பதில்லை.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? வருஷம் ஒரு முறை, எத்தனை குறைவாக ஓடியிருந்தாலும், ஆயிலையும் பில்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். எப்போதும் குறுகிய நடைதான், நீண்ட ஓட்டமே கிடையாது என்றால், கையேட்டில் ‘கடினமான உபயோகம்’ என்ற பகுதியைப் புரட்டிப் பாருங்கள். அடிக்கடி சிறு தூரம் ஓட்டுவதையும் கடினமான உபயோகத்தில் சேர்த்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லும் கையேடுகள் உண்டு. மாதக் கணக்கில் வெளியூர் போவதானால், திரும்பி வந்து மாற்றுவதைவிடப் புறப்படும் முன் மாற்றுவது உத்தமம். அழுக்கு எண்ணெயில் என்ஜினை ஊறப்போடுவானேன்?

அதற்காக, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லும் மெக்கானிக்குக்கும் தலையாட்ட வேண்டாம். ‘எண்ணெய் கறுத்துவிட்டது’ என்று அவர் காட்டலாம். அழுக்கைத் தன்னில் கரைத்துக்கொள்வது எண்ணெயின் தொழில். கறுப்பது மட்டும் குற்றமல்ல. அளவுக் குச்சியில் எண்ணெய் மட்டம் தானாகவே ஏறிக்கொண்டு போனாலும், ஊற்றும் மூடியின் அடியில் மோர் போல் வெள்ளையாகப் படிந்திருந்தாலும் அலட்சியம் செய்யாதீர்கள். உள்ளே பெட்ரோலோ தண்ணீரோ சேர்கிறது என்று அர்த்தம்.

சிலர் தினம் காலையில் காரை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் உறுமவிட்டு அணைக்கிறார்கள். நல்லது செய்வதாக நினைப்பு! எண்ணெய் சூடாவதில்லை, ஈரம் சேர்வதுதான் மிச்சம். மூடிய ஷெட்டில் இப்படிச் செய்வது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வாசனையே இல்லாமல் கொல்லும். அதற்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை போய் வாருங்கள். எண்ணெயும் உலரும், பாட்டரிக்கும் உயிர் வரும், வீட்டில் இருப்பவர்களுக்கும் கடல் காற்று கிடைக்கும்.

செலவைப் பாருங்கள். சிறிய காருக்குச் சுமார் 3 லிட்டர் ஆயில், ஒரு பில்டர், கூலி - எல்லாம் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய். என்ஜினைப் பிரித்துப் பழுது பார்ப்பதென்றால் பல பத்தாயிரம். உத்தரவாதக் காலத்தில் ஸர்வீஸைத் தவறவிட்டால், பிறகு உத்தரவாதத்துக்கே ஆட்சேபம் வரலாம். இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், நடுநிசியில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால், அந்தக் காரை நம்பித்தானே இருக்கிறோம்? வருஷம் முழுவதும் சும்மா நிற்கிற வண்டி, அந்த ஒரு ராத்திரி மக்கர் செய்யக் கூடாது.

தேதி நினைவிருப்பதில்லையே என்று கவலை வேண்டாம். ஆயுத பூஜையன்று எப்படியும் காரைக் கழுவிச் சந்தனம், குங்குமம் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கப் போகிறோம். அதற்கு முந்தின வாரம் ஆயில் மாற்றும் வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய தேதியைப் பால் கணக்கு நோட்டிலேயே குறித்துவிடுங்கள். கணக்கு அம்மாள் கையில் இருந்தால், அடுத்த வருஷம் விவாதத்துக்கே இடமிராது!