சந்தை மதிப்பு என்னும் மாயை

தொலைக்காட்சி நடிகர்களிடையே நிலவும் ஊதிய ஏற்றத்தாழ்வு பற்றிப் பேச முற்பட்டால், உடனடியாக முன்வைக்கப்படும் விடை ஒன்றுண்டு: அவரவர் சந்தை மதிப்புக்கேற்ப அவரவர்க்கு ஊதியம். இம்மதிப்பு மழையும் வெயிலும் போல இயற்கை தருவதன்று. பேரம் பேசும் அறையில் மனிதரால் நிர்ணயிக்கப்படுவது. ஒருவர் பெறுவதை மற்றவர் அறியாதிருப்பதே அவ்வறையில் தயாரிப்பாளரின் பலமாகும்.

நெற்பிளிக்ஸ் வெளியிட்ட ‘த கிரவுண்’ தொடரை நோக்குவோம். அதன் மையப் பாத்திரம் இரண்டாம் எலிசபெத் அரசி. அரசியாக நடித்த கிளேர் ஃபோய், கணவராக நடித்த மற் ஸ்மித்தைவிடக் குறைவாகவே பெற்றார் என்பதை 2018 இல் தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்டனர். ‘டொக்டர் ஹூ’ தொடரால் ஸ்மித் முன்னரே அடைந்திருந்த புகழைக் காரணமாகக் காட்டினர். இனிமேல் அரசியைவிட எவருக்கும் கூடுதலாக வழங்கப்படமாட்டாது என்றும் கூறினர். விரும்பியவுடன் மாற்றக்கூடிய ஒன்றைச் சந்தையின் விதி என்பது எங்ஙனம்?

கேட்டால் கிடைத்துவிடும் என்பாருமுளர். அமெரிக்காவின் சி.பி.எஸ். ஒளிபரப்பிய ‘ஹவாய் ஃபைவ்-ஓ’ தொடரில் ஏழு பருவங்கள் நடித்த ஆசிய வம்சாவளியினரான டேனியல் டே கிம், கிரேஸ் பார்க் ஆகியோர், முதன்மை நடிகர்களான வெள்ளையர் இருவருக்கும் சமமான ஊதியம் பற்றிய பேச்சு இணக்கமின்றி முடியவே, 2017 இல் விலகினர். தொடரோ அவர்களின்றித் தொடர்ந்தது. நால்வருள் இருவர் மட்டும் கேட்டதன் விளைவு இது.

இதற்கு நேர்மாறானது ‘பிரெண்ட்ஸ்’ தொடரின் அனுபவம். 1994 இல் தொடங்கிய அத்தொடரில், இரண்டாம் பருவத்தின்போது அறுவரின் ஊதியமும் வேறுபட்டது. தனித்துப் பேசினால் மிகுதியாகப் பெறக்கூடிய நிலையிலிருந்த டேவிட் ஷ்விம்மரே, அறுவரும் ஒன்றாகப் பேசவேண்டும் என்றார். 1996 இல் அவ்வாறே பேசினர். மூன்றாம் பருவத்தில் அங்கமொன்றுக்கு ஆளுக்கு 75,000 டொலர் பெற்றவர்கள், 2002 முதல் 2004 வரையான இறுதி இரு பருவங்களில் 10 இலட்சம் டொலர் பெற்றனர்.

கோடீசுவரர்களின் பூசல் எமக்கெதற்கு என வினவலாம். நியாயமான வினாவே. அறுவரின் ஒற்றுமை அறுவருக்கே பயன்பட்டது. ஒரு காட்சியில் தோன்றி மறையும் துணை நடிகருக்கு அதனால் ஏதுமில்லை. அவருக்குத் தொழிற்சங்கமே துணை. 2023 இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தே குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்துவித்தது.

நாளை ஊதியம் பெறுவோராகப் போகும் மாணவர் நாம். சம்பளத்தை மறைப்பது நாகரிகம் என்றே எமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. அந்நாகரிகத்தால் இலாபமடைபவர் யார் என்பதை முதலிற் கேட்போம்; பின்னர் எமது சம்பளத்தை அருகிலிருப்பவருக்குச் சொல்வோம்.